படம் எடுக்கிற டோஸுக்கும் கணக்கு வேண்டும்: லினாக் அறையில் சிபிசிடி டோஸை அளப்பதும் குறைப்பதும்

கதிர்சிகிச்சைக்குக் கொங்குப் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர். காங்கயத்திலிருந்தோ பவானியிலிருந்தோ வருகிறவர் நாலைந்து நாள் மேசையில் படுத்து எழுந்த பிறகு கேட்பார்: "ஏனுங்க, கரண்ட் வெக்கறதுக்கு முன்னால தெனமும் மிசின் ஒருக்கா சுத்தி வருதே, அதுலயும் கரண்ட் வருதுங்களா?" "அது சும்மா போட்டோங்க" என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் அது சிபிசிடி, கூம்புக் கதிரால் எடுக்கும் சிடி படம்; அந்தச் சுற்றிலும் எக்ஸ்ரே வருகிறது. கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல உறுப்புகளிலும் விழுகிறது. சிகிச்சை டோஸுக்கு முன்னால் அது சிறிதுதான். எவ்வளவு சிறிது என்று உங்கள் இயந்திரத்துக்கு உங்களால் எண்ணில் சொல்ல முடிய வேண்டும்.

லினாக் (கதிர்சிகிச்சை இயந்திரம்) கன்சோலில் உட்காரும் டெக்னாலஜிஸ்டுக்கும், புதிதாகச் சேர்ந்த மருத்துவ இயற்பியலாளருக்கும் இதை எழுதுகிறோம். டோஸைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது எம்ஏஎஸ் (குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) எண்ணில். அதைவிட அதிகம் மிச்சமாவது, அதே நாளில் இரண்டாவது படம் எடுக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதில். அதனால்தான் கீழே ப்ரீசெட்டைவிட (இயந்திரத்தில் முன்பே பதிந்து வைத்த பட அமைப்பு) தண்ணீர் பாட்டிலுக்கும் அரைஞாண்கொடிக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தப் படத்துக்கு எவ்வளவு

உடம்பு உறிஞ்சும் கதிர் டோஸின் அலகு கிரே. ஒரு கிரே என்பது 100 சென்டிகிரே, 1000 மில்லிகிரே. சிகிச்சையை கிரேயிலும் படத்தை மில்லிகிரேயிலும் பேசுவதால் குழப்பம் வரும். எதையும் எழுதும்போது அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுக்கும் சாதாரண கேவி (கிலோவோல்ட், படத்துக்கான எக்ஸ்ரே) ஜோடிப் படத்தில் உறுப்புகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மில்லிகிரேக்கு உள்ளே. பருத்த உடம்பின் இடுப்பைப் பக்கவாட்டில் எடுக்கும்போது தோலில் அதைத் தாண்டலாம். கேவி சிபிசிடியில் தலைக்குச் சில மில்லிகிரே, மார்புக்கும் ஏறக்குறைய அதே அளவு, இடுப்புக்கு 10 முதல் 30 மில்லிகிரே வரை. டோமோதெரபி (சிடிபோலச் சுற்றிக்கொண்டே சிகிச்சை தரும் இயந்திரம்) எடுக்கும் எம்வி (மெகாவோல்ட், சிகிச்சைக்கான கதிர்) ஸ்கேன் 10 முதல் 30 மில்லிகிரே. பிட்ச் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்) நெருக்கமாக வைத்தால் மேல் எல்லை, அகலமாக வைத்தால் கீழ் எல்லை.

எம்வி போர்ட்டல் படம்தான் பலர் கண்ணில் படாமல் போவது. கருவியை ஒரு எம்யூவுக்கு (கதிர் வெளியீட்டை எண்ணும் அலகு) ஒரு சென்டிகிரே என்று அளவு கட்டியிருக்கிறோம். 2 எம்யூ வீதம் இரண்டு படம் எடுத்தால், அதிலேயே உடம்பு வாங்குவது 4 சென்டிகிரே வரை, ஒரு இடுப்பு சிபிசிடி அளவு அல்லது அதற்கும் மேல். போதாததற்குச் சுற்றுப்புற எலும்பு தெரிய வேண்டுமென்று புலத்தை (கதிர் விழும் பரப்பை) அகலத் திறந்து எடுப்போம். சிகிச்சைப் புலத்துக்கு வெளியே, நாம் கவனமாகக் காப்பாற்றி வைத்த இடத்தில் அந்த எம்வி விழுகிறது. கேவி வசதி இருந்தும் பழக்கத்தில் எம்வி ஜோடி எடுக்கிற துறை, அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

கேவிக்கு இருக்கும் குறை எலும்பு. அந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு ஓங்கியிருப்பதால் கால்சியம் நிறைந்த எலும்பு, பக்கத்துத் தசையைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு உறிஞ்சும். பெர்ஸ்பெக்ஸ் (தெளிவான பிளாஸ்டிக்) உருளையில் அளந்த சிடிடிஐ (சிடி டோஸ் குறியீடு) எண்ணில் இது தெரியாது; எம்விக்காக எழுதிய திட்டமிடும் மென்பொருளும் இதைக் காட்டாது. இடுப்பு சிபிசிடி 20 மில்லிகிரே என்று எழுதியிருந்தால், தொடை எலும்பின் தலை அதைவிட நிறைய வாங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வளரும் எலும்புள்ள குழந்தைக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல.

ஐந்து சதவீதம் என்ற கோடு

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 180ஆம் பணிக்குழு 2018இல் ஒரு நடைமுறை எல்லையைச் சொன்னது. மொத்தப் படங்களின் டோஸ், கட்டிக்கு எழுதிய டோஸில் 5 சதவீதத்தைத் தாண்டும் என்றால் அதைச் சிகிச்சைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். தாண்டாவிட்டால் பதிவு செய்து, முடிந்தவரை குறைத்தால் போதும்.

போட்டுப் பார்ப்போம். புராஸ்டேட்டுக்கு 20 நாளில் 60 கிரே. தினமும் 2 சென்டிகிரே சிபிசிடி ஒன்று என்றால் மொத்தம் 40 சென்டிகிரே, அதாவது 0.4 கிரே. 60இல் அது 0.67 சதவீதம். ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்ப எடுத்தால் 48 சென்டிகிரே, 0.8 சதவீதம். கருப்பை வாய்க்கு 25 நாளில் 45 கிரே, தினமும் எம்வி ஜோடி 4 சென்டிகிரே என்றால் ஒரு கிரே ஆகிவிடும்; 2.2 சதவீதம். எல்லைக்குள்தான். ஆனால் எம்வி என்பதால் இதைத் திட்டத்திலேயே ஒரு புலமாகச் சேர்த்துக் கணக்கிடுவது சுலபம், சேர்த்துவிடுங்கள்.

எழுதிய டோஸ் குறையக் குறையச் சதவீதம் ஏறும், இதை மறந்துவிடுவார்கள். குதிகால் வலிக்குக் கொடுக்கும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.5 கிரே வீதம் ஆறு தடவை, மொத்தம் 3 கிரே. இடுப்பு ப்ரீசெட்டிலேயே காலுக்கு சிபிசிடி எடுத்தால் 50 சென்டிகிரேக்கு 2 சென்டிகிரே, நான்கு சதவீதம். காலின் பருமன் குறைவு என்பதால் நிஜத்தில் அதற்கும் மேல். குதிகாலுக்கு சிபிசிடியே தேவையில்லை, வெளிச்சப் புலமும் ஒரு கேவி படமும் போதும்.

இன்னொரு தவறு, நோயாளியின் இந்த எண்ணைப் பணியாளர் வரம்போடு ஒப்பிடுவது. ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வகுத்த ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் சராசரி என்பது பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை செய்கிற நமக்கு. நோயாளிக்கு டோஸ் வரம்பு என்று ஒன்று கிடையாது. அங்கே கேட்க வேண்டியது இரண்டே: இந்தப் படம் தேவைதானா, தேவையென்றால் இதைவிடக் குறைவில் எடுக்க முடியாதா.

படமே எடுக்காமல் இருந்தால் என்ன என்று கேட்பவருக்கும் ஒரு கணக்கு. 5 செ.மீ. விட்டமுள்ள, எலுமிச்சை அளவு கட்டி. தினமும் படம் பார்க்காவிட்டால் சுற்றிலும் 10 மி.மீ. ஓரம் விட வேண்டும் என்றும், பார்த்தால் 7 மி.மீ. போதும் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கோளத்தின் கனஅளவு 180 கன செ.மீ., இரண்டாவது 137. இடையிலுள்ள 43 கன செ.மீ. நல்ல திசு, படம் எடுப்பதால் முழு 60 கிரேயிலிருந்து தப்புகிறது. கொடுத்த விலை 0.4 கிரே. தினப்படத்தை நிறுத்தச் சொல்லி இயற்பியலாளர் வாதாடினால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

அளக்கும் முறை

கன்சோலில் தெரியும் சிடிடிஐ எண் தயாரிப்பாளர் ஒரு மாதிரிக் குழாயில் எடுத்தது. உங்கள் குழாய் அதுதானா என்று ஆண்டுக்கு ஒருமுறையும், குழாயோ டிடெக்டரோ மாற்றிய ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

தேவை: 16 செ.மீ. விட்டத் தலைப் பேண்டம் (உடம்புக்குப் பதிலாக வைத்து அளக்கும் உருளை), 32 செ.மீ. விட்ட உடல் பேண்டம் (இரண்டும் பெர்ஸ்பெக்ஸ்), 10 செ.மீ. நீளப் பென்சில் அயனி அறை, எலக்ட்ரோமீட்டர், வெப்பமானி, அழுத்தமானி. பென்சில் அறை இல்லாதவர்கள் 0.6 சி.சி. ஃபார்மர் அறையை வைத்து நடுப்புள்ளி டோஸை அளக்கலாம். ஆனால் அதன் கோபால்ட் அளவுத்திருத்தக் காரணியை அப்படியே போட்டுவிடாதீர்கள். 120 கேவி அளவிலான எக்ஸ்ரேக்கு எடுத்த காரணி தனியாக வேண்டும்.

1. குழாயைச் சூடாக்கும் படியை முடித்து, பேண்டத்தை மேசையில் வைத்து, லேசர் வழியே அதன் நடுவை ஐசோசென்டரில் (இயந்திரம் சுற்றும் மையப் புள்ளி) நிறுத்துங்கள். மேசையின் இணைப்புப் பகுதியும் உலோகத் தண்டும் கதிர்ப் பாதையில் வரக்கூடாது.

2. அளக்காத துளைகள் எல்லாவற்றிலும் பெர்ஸ்பெக்ஸ் குச்சி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு துளை காலியாக இருந்தாலே எண் மாறும்.

3. அன்றாடம் பயன்படும் ப்ரீசெட்டைத் தொடாமல் அப்படியே ஓட்டுங்கள். பௌ-டை வடிகட்டியும் (உடம்பின் ஓரங்களில் கதிரைக் குறைக்கும் தகடு), கதிர்த் திறப்பும், சுழல் வில்லும் நோயாளிக்கு எப்படியோ அப்படியே.

4. நடுத்துளையில் ஒன்று, விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே 12, 3, 6, 9 மணித் திசைகளில் நான்கு, ஆக ஐந்து அளவு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

5. காற்றழுத்தம், வெப்பத்துக்கான திருத்தத்தைப் போடுங்கள்.

இந்த ஐந்தாவது படியில்தான் கோவையில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 410 மீட்டர். அறையில் அழுத்தமானி காட்ட வேண்டியது 965 ஹெக்டோபாஸ்கல் அளவில். அழுத்தமானி பழுது என்று யாராவது கைப்பேசியின் வானிலைச் செயலியைத் திறந்து 1010 என்று எழுதிவிடுவார்கள். அந்தச் செயலி காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். உங்கள் அறையில் உள்ள காற்றினுடையது அல்ல. அந்த ஒரு எண்ணால் விடை கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைந்துபோகும்.

பென்சில் அறையின் அளவு மில்லிகிரே-செ.மீ. அலகில் வரும். சாதாரண சிடியில் கதிரின் அகலத்தால் வகுப்போம். சிபிசிடியின் கதிர் அகலம் 10 செ.மீ. அறையைவிடப் பெரியது என்பதால் இங்கே அறையின் நீளமான 10ஆல் வகுக்க வேண்டும். கணக்கு பிடிபட ஒரு மாதிரி: நடுவில் 130, விளிம்புகளில் 178, 171, 150, 169. பத்தால் வகுத்தால் நடு 13.0, விளிம்புகளின் சராசரி 16.7. நடுவில் மூன்றில் ஒரு பங்கையும் விளிம்பில் மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டினால் 4.3 + 11.1 = 15.4 மில்லிகிரே. கீழ்ப்பக்க எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் மேசை, அது இயல்புதான். மேசை இல்லாத பக்கங்களில் 3 மணிக்கும் 9 மணிக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் பேண்டம் நடுவில் இல்லை, அல்லது பௌ-டை சரியாக உட்காரவில்லை.

அளவெடுத்த அன்றே ஒரு அட்டையில் எழுதிக் கன்சோல் பக்கத்தில் ஒட்டுங்கள்: ப்ரீசெட் பெயர், கேவி, எம்ஏஎஸ், அளந்த டோஸ், தேதி. தொடக்கத்தில் எடுத்த அடிப்படை அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் சர்வீஸ் பொறியாளரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் வரம்பு. இன்னும் இறுக்கமாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

படத்துக்கு முன்னால் நடக்கும் வேலை

இடுப்பு நோயாளியின் இரண்டாவது சிபிசிடிக்குக் காரணம் பெரும்பாலும் மூத்திரப்பையும் மலக்குடலும். சிமுலேஷன் (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் சிடி) அன்று நிரம்பியிருந்த பை இன்று காலியாக இருக்கும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இறக்கி, தண்ணீர் குடிக்க வைத்து, அரை மணி கழித்து மறுபடி ஒரு ஸ்கேன். அன்றைக்கு டோஸ் இரட்டிப்பு.

கரூர்ப் பக்கமிருந்து சிங்காநல்லூரில் இறங்கி நகரப் பேருந்து மாறி வருகிறவரின் நிலையை யோசியுங்கள். வழியில் ஒதுங்க இடமில்லை, ஆகவே தண்ணீரே குடிக்காமல் வருவார். அல்லது வீட்டிலேயே குடித்துவிட்டு, இறங்கியதும் முதல் வேலையாகப் போய்விட்டு வருவார். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டால் இருவரும் "குடிச்சாச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "ஏனுங்கய்யா, கடைசியா ஒண்ணுக்குப் போயிட்டு வந்தது எப்போங்க? அதுக்கப்புறம் எத்தன தண்ணி குடிச்சீங்க?" இரண்டு விடையும் கிடைத்தால் நிலைமை தெரிந்துவிடும்.

வழிமுறையை இப்படி வைத்துக்கொள்ளலாம். வந்ததும் பையை முழுதாகக் காலி செய்ய வேண்டும். பிறகு அரை லிட்டர் தண்ணீர், பத்து நிமிஷத்துக்குள். அதிலிருந்து 40 நிமிஷம் காத்திருப்பு. 'ரெண்டு டம்ளர்', 'ஒரு சொம்பு' என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு வீடு சொம்பு வேறு. அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, குடித்து முடித்த நேரத்தை அட்டையில் எழுதுங்கள். கடிகாரம் ஓடுவது மருத்துவமனைக்குள், பேருந்தில் அல்ல. இயந்திரம் பழுதாகி வரிசை ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் காத்திருப்பவர்களிடம் சொல்லி, தண்ணீரையும் தள்ளிப்போடுங்கள். இது வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறிய மூத்திரப்பை அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும் துறைகள் கொடுத்து வைத்தவை. மேசையில் ஏற்றுமுன் அளந்துவிடலாம், அதில் எக்ஸ்ரேயே இல்லை.

மலக்குடல் வாயுவுக்குச் சாப்பாட்டைக் கேளுங்கள். குளிர்காலத்தில் கொள்ளுப் பருப்பும் மொச்சையும் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. சிகிச்சை முடியும்வரை அவற்றை, குறிப்பாக முந்தின இரவு, தவிர்க்கச் சொல்லுங்கள். சும்மா 'வாயுப் பதார்த்தம் வேண்டாம்' என்றால் அவர் உருளைக்கிழங்கை மட்டும் நிறுத்திவிட்டுக் கொள்ளு ரசம் குடித்துக்கொண்டிருப்பார். 'அது சளிக்கு நல்லதுங்களே' என்பார்.

அடுத்தது வெள்ளி. பெரியவர்கள் பலர் இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடி கட்டியிருப்பார்கள். பல வருஷமாகக் கழற்றாதது, உடம்பின் பகுதியாகவே மறந்துபோனது. சிபிசிடியில் அதிலிருந்து நட்சத்திரம்போல் கோடுகள் கிளம்பி, புராஸ்டேட்டும் மலக்குடல் சுவரும் இருக்கும் தளத்தை மறைக்கும். படம் சரியில்லை, மறுபடி. சிமுலேஷன் அன்றே வேட்டியை இறக்கிப் பார்த்து, கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடியோடு கழற்ற மனம் ஒப்பாதவருக்குக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்வார். கயிறு படத்தில் தொல்லை தராது. தாயத்தின் தகடு, தலைக்கு வரும் பெண்களின் மூக்குத்தி, கம்மல் எல்லாம் இதே பட்டியல்தான்.

தோல் குறிகள் அழிந்தாலும் படம் கூடும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திங்களன்று வருகிறவர் உடம்பில் மார்க்கர் கோடு இருக்காது. குத்துமதிப்பாகப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தால் ஷிஃப்ட் (மேசையை நகர்த்த வேண்டிய தூரம்) 2 செ.மீ. வரும், அதற்குப் பிறகு சரிபார்க்க இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்பவருக்குச் சிறு பச்சைப்புள்ளி குத்திவிடுவது நல்லது. மற்றவர்களுக்குக் கோட்டின் மேல் ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டர், கூடவே எண்ணெய்க் குளியலுக்கு ஓய்வு.

தலை-கழுத்துக்காரர்களிடம் மொட்டையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். நோய் தீர வேண்டுமென்று பழனிக்கு வேண்டிக்கொண்டு, சிகிச்சைக்கு நடுவில் முடி இறக்கி வருவார்கள். முடியோடு வார்த்த மாஸ்க் மறுநாள் தளர்ந்துவிடும்; தலை உள்ளே திரும்பும். மேசையை நகர்த்தி இடமாற்றத்தைச் சரிசெய்யலாம், சாதாரண மேசையில் சுழற்சியைச் சரிசெய்ய முடியாது. தினமும் இரண்டு மூன்று ஸ்கேன் என்று போகும். "முடி எறக்கறதுன்னா மாஸ்க் செய்யறதுக்கு முன்னாலயே எறக்கிருங்கம்மா, இல்லீன்னா எல்லாம் முடிஞ்ச பொறகு சாமிக்குச் செய்யலாம்" என்று சிமுலேஷனுக்கு முன் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. எடை இறங்கி மாஸ்க் தளர்ந்தவருக்கு ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுத்துச் சமாளிக்காமல் புது மாஸ்க் வார்த்துவிடுவதே மேல்.

ப்ரீசெட்டும் பௌ-டையும்

ட்ரூபீம் போன்ற இயந்திரத்தின் தொழிற்சாலை அமைப்பைப் பாருங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் 125 கேவி. படச் சட்டங்களும் 900தான். மார்புக்கு 15 மில்லிஆம்பியர், 20 மில்லிநொடி; பெருக்கினால் 270 எம்ஏஎஸ். இடுப்புக்கு 60 மில்லிஆம்பியர், 1080 எம்ஏஎஸ். அதாவது பட்டியலில் ஒரு வரி தள்ளித் தொட்டால் டோஸ் நான்கு மடங்கு. மார்பு நோயாளிக்கு இடுப்பு ப்ரீசெட் போனால் படம் இன்னும் அழகாகத்தான் வரும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பிழை வாரக்கணக்கில் தெரியாமல் ஓடும். ப்ரீசெட்டை முதல் நாளே நோயாளியின் திட்டத்தோடு இணைத்துப் பூட்டி வையுங்கள், தினமும் கையால் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

டோஸ் எம்ஏஎஸ்ஸோடு நேர்விகிதத்தில் இறங்கும். இரைச்சல் அதன் வர்க்கமூலத்தில் ஏறும். எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கினால் டோஸ் பாதி, படத்தின் மணல்தன்மை 1.4 மடங்கு. எலும்பையோ உள்ளே அடையாளமாக வைத்த தங்க விதையையோ வைத்து மேட்ச் (திட்டப் படத்தோடு பொருத்துவது) செய்கிறீர்கள் என்றால் அந்த மணல் ஒன்றும் செய்யாது. மலக்குடல் சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். எங்கள் கருத்து: சிமுலேஷன் சிடியில் இடுப்பின் பக்கவாட்டு அகலத்தை அளந்து, 32 செ.மீ.க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாதி எம்ஏஎஸ்ஸில் ஒரு 'ஒல்லி இடுப்பு' ப்ரீசெட் உருவாக்குங்கள். காட்டு வேலை செய்து இறுகிய உடம்புக்காரர்கள் நிறைய வரும் ஊரில் அது சும்மா கிடக்காது. இந்த ஆற்றல் எக்ஸ்ரே திசுவில் ஏறத்தாழ 4 செ.மீ.க்கு ஒருமுறை பாதியாகும் என்பதால், அதே ப்ரீசெட்டில் ஒல்லியானவரின் உள்ளுறுப்புகள்தான் அதிகம் வாங்குகின்றன.

பௌ-டை வடிகட்டியைக் கையால் மாட்டும் பழைய இயந்திரங்களில் முழு விசிறிக்கு (டிடெக்டர் நடுவில்) ஒன்று, அரை விசிறிக்கு (டிடெக்டர் ஒரு பக்கம் ஒதுங்கி) ஒன்று. மாட்ட மறந்தால் உடம்பின் ஓரங்களில் தோல் டோஸ் ஏறும், படத்தின் விளிம்பு வெளுத்துப்போகும். விளிம்பு வெளுத்த படம் வந்தால் சாளரத்தை மாற்றி ஒப்பேற்றாதீர்கள். எழுந்து போய் குழாயின் முகத்தைப் பாருங்கள்.

நீளத்தையும் குறுக்குங்கள். கட்டி 6 செ.மீ. நீளம் இருக்க, 20 செ.மீ.க்கும் மேல் திறந்து எடுப்பது வழக்கத்தால் வந்தது. மேட்ச் செய்யத் தேவையான எலும்பு தெரியும் அளவுக்குத் தடுப்புகளை மூடலாம். சிதறல் குறைவதால் படமும் கொஞ்சம் தெளியும். எலெக்டா இயந்திரத்தில் இதற்குக் கேசெட் (கதிர்த் திறப்பைக் குறுக்கும் தடுப்பு) மாற்ற வேண்டும்: 20க்குப் பதில் 10 என்று முடிவது.

தலைக்கு வில் 200 டிகிரிதான், முழுச்சுற்று இல்லை. குழாய் முகத்தின் பக்கம் சுற்றுகிறதா, பிடரிப் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிடரிப் பக்கம் சுற்றினால் மண்டையோடு தடுத்து, கண்ணின் லென்ஸுக்குப் போவது கணிசமாகக் குறையும். திரையில் தெரிவது கேன்ட்ரி (சிகிச்சைக் கதிர் வரும் தலையைச் சுமந்து சுற்றும் பகுதி) கோணம். கேவி குழாய் அதற்கு 90 டிகிரி தள்ளி இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு வில்லைத் திருத்தி, காப்பாற்ற நினைத்த கண்ணுக்கே கூடுதலாகக் கொடுத்துவிட முடியும். ஆகவே மாற்றிய பிறகு வெறும் மேசையில் ஒருமுறை ஓட்டி, கேமராவில் குழாயையே பாருங்கள். மார்பகத்துக்கும் இதே தர்க்கம்: வில், சிகிச்சை பெறும் பக்கத்தில் இருந்தால் மறு மார்பகம் தப்பும்.

எப்போது எடுக்காமல் விடலாம்

ஷிஃப்ட் கொடுத்த பிறகு 'சரிபார்ப்பு' சிபிசிடி எடுப்பது சில இடங்களில் சடங்காகிவிட்டது. படத்தின் நடுவும் சிகிச்சைக் கதிரின் நடுவும் ஒத்துப்போவதைக் காலையில் கனசதுரப் பேண்டத்தால் பார்த்துவிடுகிறோம்: சாதாரணச் சிகிச்சைக்கு 2 மி.மீ., ஸ்டீரியோடாக்டிக்குக்கு (சில தடவையிலேயே அதிக டோஸைத் துல்லியமாகக் கொடுப்பது) 1 மி.மீ. மேசை சொன்ன தூரம் நகர்கிறது என்பதும் அதில் உறுதியாகிறது. அப்புறமும் 4 மி.மீ. ஷிஃப்டுக்கு இரண்டாவது சுற்று எதற்கு? பெரிய ஷிஃப்ட் வந்தால், நோயாளியைக் கையால் நகர்த்தினால், ஒரே தடவையில் அதிக டோஸ் போகிறது என்றால் எடுங்கள். அப்போதும் கேவி ஜோடி போதுமா என்று முதலில் கேளுங்கள்.

15 நாளில் 40 கிரே வாங்கும் மார்பகத்துக்குத் தினசரி சிபிசிடி பெரும்பாலும் அதிகப்படி. முதல் மூன்று நாள் படத்தில் ஷிஃப்டின் சராசரியை எடுத்துத் திருத்தி, அதன்பின் வாரம் ஒருமுறை. இடையில் உடம்பின் மேற்பரப்பைப் பார்க்கும் கேமரா இருந்தால் அது, டோஸே இல்லாமல். நுரையீரல் எஸ்பிஆர்டிக்கு (உடம்புக்கான ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை) நேர்மாறு: ஒவ்வொரு தடவையும் சிபிசிடி, அதில் கஞ்சத்தனம் கூடாது.

குழந்தை என்றால்

பெரியவர்கள் ப்ரீசெட்டைத் திறக்கவே வேண்டாம். அதே எம்ஏஎஸ் சிறிய உடம்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு டோஸ் தரும். 16 செ.மீ. பேண்டத்தில் அளந்து, குழந்தைகளுக்கென்று தனி ப்ரீசெட் வைத்திருங்கள். மூளை-தண்டுவடம் முழுவதற்கும் 1.8 கிரே வீதம் 13 நாள், 23.4 கிரே கொடுக்கும்போது மூன்று இடத்தில் ஐசோசென்டர் வரும். மூன்றிலும் சிபிசிடி எடுத்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். தைராய்டும் அந்த வழியில்தான் இருக்கிறது. தலைக்குக் குறைந்த டோஸ் சிபிசிடி ஒன்று, முதுகுக்குக் கேவி ஜோடி என்று வைத்துக்கொண்டால் போதும், முதுகெலும்பு அதில் நன்றாகவே தெரியும். மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்த குழந்தை நகராது என்பதால் இரண்டாவது படத்துக்கு அநேகமாகக் காரணமே இராது.

பதிவேடு

நோயாளிக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். எந்த ப்ரீசெட், எத்தனை தடவை, இரண்டாவது எடுத்தால் ஏன் என்று ஒரே சொல்லில்: 'பை', 'வாயு', 'வெள்ளி', 'குறி', 'மாஸ்க்', 'இயந்திரம்'. மென்பொருள் தானாக எண்ணும், ஆனால் காரணத்தை எழுதாது. பாதியில் நின்ற ஸ்கேனும் எண்ணிக்கையில் சேரும். ஜெனரேட்டர் மாறும் நொடியில் 900 சட்டத்தில் 450இல் நின்றுபோனால் அரை டோஸ் போய்விட்டது என்று எழுதுங்கள். ஓடாத படம் என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

மாதக் கடைசியில் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணினால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். 'பை' அதிகமென்றால் காத்திருக்கும் இடத்துக் கடிகாரத்தையும் பாட்டிலையும் பாருங்கள், இயந்திரத்தை அல்ல. சிகிச்சை முடிந்து கொடுக்கும் சுருக்க அறிக்கையில் மொத்தப் படங்களின் எண்ணிக்கையையும் உத்தேச மொத்த டோஸையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பல வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி சிகிச்சை தர வேண்டியிருந்தால், அடுத்த ஊர் இயற்பியலாளர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.